வேலரன்ட் மேப்புகள்: எந்தப் பக்கம் சாயுது?

ரயட் கேம்ஸ் கம்பெனியோட வேலரன்ட்ங்கற துப்பாக்கிச் சுடும் வீடியோ கேம் 2020 ஜூன்ல வந்ததுங்க. காசு கட்ட வேண்டியதில்லை, கம்ப்யூட்டர்ல ஏத்தினா ஆடலாம். துப்பாக்கியையும் ஏஜென்ட்டையும் (நாம எடுத்து ஆடற கேரக்டர்) பத்தி எழுத நிறையப் பேரு இருக்காங்க. நான் மேப்பை, அதாவது ஆட்டம் நடக்கற களத்தைப் பத்தி மட்டும் சொல்றேன். ரவுண்டு யாரு கைக்குப் போகும்ங்கறதுல பாதியை அந்தச் சந்துபொந்துகதான் முடிவு பண்ணுது.

ஆடாதவங்களுக்குச் சுருக்கமா: அஞ்சு பேரு தாக்குவாங்க, அஞ்சு பேரு காப்பாங்க. தாக்கறவங்க ஸ்பைக்குங்கற குண்டை ஒரு சைட்ல (குண்டு வெக்கறதுக்குன்னு குறிச்ச இடம், ஏ, பின்னு பேரு) வெச்சா 45 செகண்ட்ல வெடிக்கும். அதை அணைக்க 7 செகண்ட் ஆகும். 12 ரவுண்டு முடிஞ்சதும் பக்கம் மாறும். 13 ரவுண்டு எடுத்தவங்களுக்கு ஜெயம்.

"அதான் பக்கம் மாறுதே, மேப் ஒரு பக்கத்துக்குச் சாதகமா சாஞ்சிருந்தா என்ன கெட்டுப்போச்சு?" திருப்பூர் பனியன் கம்பெனியில இருக்கற எங்க பெரியப்பா மகன் அண்ணன் இதை அடிக்கடி கேப்பாரு. ஆட்டத்துக்குள்ள துப்பாக்கி வாங்கக் கிடைக்கற காசுதாங்க காரணம். பிஸ்டல் ரவுண்டு, அதாவது ஒவ்வொரு பாதியோட மொத ரவுண்டு, ஜெயிச்சா ஆளுக்கு 3000 கிடைக்கும், தோத்தா 1900. வாண்டல் துப்பாக்கியோட விலை 2900. மேப் தயவுல ஒரு பக்கம் முந்திட்டா, அடுத்த ரவுண்டுல துப்பாக்கியிலயும் முந்திடும். சாஞ்ச மேப்புல பாதி ஆட்டம் 9க்கு 3னு முடியும், பக்கம் மாறினதும் அதே கதை திரும்பும். கடைசியில அந்த ரெண்டு பிஸ்டல் ரவுண்டுல எல்லாம் அடங்கிப்போகும். நல்லா ஆடினவங்களுக்கு அது நியாயமே இல்லீங்க.

ஸ்ப்ளிட்ங்கற மேப் இதுக்குச் சரியான உதாரணம். நடுப்பகுதியைப் பிடிக்காம ஏ சைட்டுக்கோ பி சைட்டுக்கோ போனா, ஒடுங்கின வழியில எல்லாரும் முட்டிக்கிட்டு நிக்கணும். காக்கறவங்களுக்கு உசரத்துல இடம். எங்க சத்தியமங்கலத்துக்காரங்களுக்குச் சொன்னா உடனே புரியும்: திம்பம் மலைப்பாதையில மேல நிக்கறவனுக்குக் கீழ் வளைவுல ஏறற லாரி அப்படியே தெரியும், லாரிக்காரனுக்கு மேல யாரு நிக்கறாங்கன்னு தெரியாது. 2022ல ரயட் இந்த மேப்பை எடுத்துட்டு, 2023 ஜனவரியில வழியை அகலப்படுத்தித் திரும்பக் கொண்டுவந்தாங்க. அது நல்ல திருத்தம். மூச்சு விட இடம் கிடைச்சுது. ஆனாலும் அந்த உசரம் போகலை. பேசிக்காம ஆடற டீமுக்கு அங்க இன்னைக்கும் கஷ்டம்தான்.

அதே ஜனவரியில வந்ததுதான் லோட்டஸ் மேப். மேற்குத் தொடர்ச்சி மலைக்குள்ள இருக்கற பழைய கட்டடம்னு வெச்சு வரைஞ்சிருக்காங்க. கல்லு, கொடி, பச்சை எல்லாம் பார்க்க மனசுக்கு அவ்வளவு சந்தோஷம். அழகைவிட எனக்குப் பிடிச்சது அதோட கணக்கு. மூணு சைட்டு, காக்க அஞ்சு பேரு. எங்கயாவது ஒருத்தர் தனியா நிக்கத்தான் வேணும். தாக்கறவங்களுக்கு இது பெரிய சாதகம். அதுக்கு ஈடா ரெண்டு சுழல் கதவு வெச்சாங்க. பொத்தானைத் தொட்டா தூரத்துக்குக் கேக்கற மாதிரி உருளும், காக்கறவங்க உஷாராயிருவாங்க. அந்தச் சத்தத்தையே பொய்யா எழுப்பி ஏமாத்தவும் முடியும். ஏ சைட்டுக்கும் பி சைட்டுக்கும் நடுவுல உடைக்கற சுவர் ஒண்ணு இருக்கு. அதை உடைச்சா துணைக்கு ஓடற தூரம் குறையும், ஆனா எதிரிக்கும் அதே வழி திறந்துரும். சாய்வை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்னு தட்டித் தட்டி நேராக்கியிருக்காங்க. எனக்கு எல்லாத்துலயும் பிடிச்ச மேப் இதுதான்.

ஹேவன் மேப்லயும் மூணு சைட்டு, ஆனா அங்க இந்த மாதிரி கதவு கிடையாது. பைண்ட் மேப்ல நடுப்பகுதியே இல்லை, ரெண்டு டெலிபோர்ட்டர்தான் (நுழைஞ்சா வேற இடத்துல கொண்டுபோய் விடற வாசல்). ஒரு வழிதான் போகும், சத்தமும் பலமா கேக்கும். ரெண்டுமே நல்லா ஆட வரும்.

இன்னொண்ணு முக்கியம். மேப் எந்தப் பக்கம் சாயுதுங்கறது யாரு ஆடறாங்கங்கறதைப் பொறுத்து மாறும். பூ மார்க்கெட்ல வேலை பார்க்கற எங்க பங்காளி விடிகாலை எழணும்னு சீக்கிரம் படுத்துருவான். அவன் இருக்கறப்ப, "ஏ சைட்ல ரெண்டு பேரு, ரொட்டேட் ஆகு மாப்ள"ன்னு (அந்த சைட்டுக்கு மாறி வான்னு அர்த்தம்) ஒரு குரல் போதும், ஹேவனைக் காக்கறது எங்களுக்கு லேசு. அவன் போனதும் தெரியாத ஆளு ஒருத்தர் மைக் இல்லாம வந்து சேருவாரு. அதே மேப்புல அப்பறம் சி சைட் திறந்த வீடு. ரயட்காரங்க மேப்பைத் திருத்தறப்ப, பேசிக்கத் தெரியாத அஞ்சு பேரையும் மனசுல வெச்சுக்கணும்ங்கறது என்னோட கோரிக்கை.

புதுசா ஆடறவங்க ரேங்க் போட்டியில இறங்கறதுக்கு முன்னாடி கஸ்டம் கேம் (நாமளே அமைச்சுக்கற ஆட்டம்) திறந்து தனியா சுத்திப் பாருங்க. கத்தியைக் கையில எடுத்துக்கிட்டு ஒரு சைட்ல இருந்து இன்னொரு சைட்டுக்கு ஓடி, எத்தனை செகண்ட் ஆகுதுன்னு எண்ணுங்க. அப்பறம் தாக்கறவங்க கிளம்பற இடத்துல இருந்தும் அதே மாதிரி எண்ணுங்க. லோட்டஸ்ல மொதல்ல பாருங்க, அடுத்து ஸ்ப்ளிட்.