மத்தியஸ்தம் பழக: வகுப்பா, களமா?

திருகோணமலையில் பேச்சுவார்த்தையும் மத்தியஸ்தமும் பழக இரண்டு வழி. ஒன்று வகுப்பு. மற்றது கரைவலை (கரையில் நின்று இழுக்கும் பெரிய மீன்வலை) தகராற்றிலோ வேலிச் சண்டையிலோ நேரே போய் நடுவில் நிற்பது.

வகுப்பின் பெரிய லாபம், ஒருவர் கேட்பதற்கும் அவருடைய தேவைக்கும் உள்ள வித்தியாசம் பிடிபடுவது. 'இந்தப் பாடு (வலை வளைக்கும் இடம்) எனக்குத்தான்' என்கிறார் ஒரு சம்மாட்டி, அதாவது வலைச் சொந்தக்காரர். அது கேட்பது. ஆட்களுக்குக் கொடுத்த முற்பணம் பருவம் முடியுமுன் மீள வேண்டும் என்பது தேவை. அது தெரிந்தால், முறை வைத்து வலை வளைக்கலாம் என்ற யோசனைக்கு இடம் வரும். பேச்சு முறிந்தால் கையில் என்ன மிஞ்சும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்க்கவும் வகுப்பில் பழகலாம். நடிப்புப் பயிற்சியில் மட்டும் ஒரு குறை: அங்கே யாருக்கும் உண்மையில் கோபம் வருவதில்லை.

களத்தில் கோபம் தாராளம். இவர் பேச அவர் எழும்பிப் போவார். என்றோ நடந்த கலியாணவீட்டுக் கதையெல்லாம் வெளியே வரும். எப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்பது அங்கேதான் படியும். ஆனால் களம் மட்டும் போதும் என்பவர்கள் மெல்ல மெல்லத் தீர்ப்புச் சொல்லும் பெரியவர்களாகிவிடுகிறார்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபைக்கே தீர்ப்பளிக்கும் அதிகாரம் இல்லை. இணக்கம் வராவிட்டால், வரவில்லை என்று ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பும், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் முதலில் குறுகிய பயிற்சி, அப்புறம் அனுபவமுள்ள ஒருவரோடு சின்னச் சின்னப் பிணக்குகள். அதோடு, தமிழும் சிங்களமும் புழங்கும் ஊர் இது. இரண்டும் பேசத் தெரிந்தவருக்கு வேலை பாதி சுலபம்.