டர்பன்–கயாலாமி–டர்பன், ஒரே செட் டயரில்: மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு எது சரி?

எம்எக்ஸ்-5 என்டியின் (நான்காம் தலைமுறைக் கார்) பூட்டில் 130 லிட்டர் இடம். இரண்டு பை வைத்தால் நிறைந்துவிடும். ஸ்பேர் வீல் கிடையாது. பஞ்சரை அடைக்க ஒரு பாட்டில் சீலண்டும் சின்னக் கம்ப்ரெஸரும்தான். ரேஸ் டிராக்குக்கென்று தனியாக ஒரு செட் மேக் (அலாய் சக்கரங்கள்) வாங்கி வைத்தாலும், பின்னால் ஒரு பக்கி (பிக்கப் வண்டி) வராமல் அதைக் கொண்டுபோக வழியில்லை. எந்த டயரில் டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஏறுகிறீர்களோ அதே டயரில்தான் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கயாலாமி ரேஸ் டிராக்கைச் சுற்ற வேண்டும், அதிலேயே வீடும் திரும்ப வேண்டும். போக சுமார் 570 கிலோமீட்டர், வரவும் அதே. நடுவில் 4.529 கிலோமீட்டர் பாதையில் நாற்பது சுற்று ஓட்டினாலும் மொத்தம் 181 கிலோமீட்டர்தான். டயரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் அந்த 181-ஐப் பற்றியே பேசுகிறார்கள். மாலை நாலு மணிக்கு ஹைவெல்ட் (ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிய மேட்டுநிலம்) இடிமழையில், சக்கரத் தடத்தில் தண்ணீர் தேங்கிய சாலையில், லாரிகளுக்கு நடுவே 120-இல் வருவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இங்கே நான்கு டயர்களையும் எடைபோட்டிருப்பது அந்த மாலையை வைத்துத்தான்.

அளவு 205/45ஆர்17, 2.0 லிட்டர் காரில் கம்பெனியிலிருந்து வருவது. ரிம் 7 அங்குல அகலம். 'கையில் இருக்கு, 225 போட்டுக்கலாம் அண்ணா' என்று ஃபிட்மென்ட் சென்டரில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 7 அங்குல ரிம்மில் 225 டயரின் பக்கச் சுவர் உள்ளே இழுபட்டு, நடுவயிறு புடைத்து நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முதலில் சுவர்தான் வளையும், கார் அரை நொடி கழித்துத்தான் திரும்பும். ஏறக்குறைய 1,100 கிலோ காருக்கு ரப்பர் போதவில்லை என்ற பிரச்சினையே கிடையாது.

பக்கச் சுவரில் 'டிரெட்வேர்' என்று ஓர் எண் இருக்கும். அமெரிக்கத் தரக்குறியீடு அது. எண் குறைந்தால் ரப்பர் மென்மை, பிடிப்பு அதிகம், ஆயுள் குறைவு என்பது பொதுக்கணக்கு. அந்த எண்ணைத் தீர்மானிப்பது தயாரிப்பாளரே. அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிடத்தான் அது உதவும். ஒரு கம்பெனியின் 200 இன்னொரு கம்பெனியின் 200 ஆகாது.

முதலில் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 5. இது முழுக்க முழுக்கச் சாலை டயர். மழையில் நான்கில் இதுதான் முதல். நீளவாக்கில் அகலமான பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன. டிராக்கில் முதல் மூன்று நான்கு சுற்று நன்றாகவே இருக்கும். பிறகு டயரின் தோள்பட்டையில் (ஓரத்தில்) உள்ள ரப்பர் கட்டைகள் சூடேறி நெளியத் தொடங்கும். முன்பக்கம் மெல்லச் சறுக்கும், ஆனால் சொல்லிவிட்டுத்தான் சறுக்கும். இரண்டு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட்டால் பிடிப்பு திரும்பிவிடும். இருபது நிமிட செஷனை (ஒரு முறை டிராக்கில் இறங்கி ஓட்டுவதை) விடாமல் முழு வேகத்தில் ஓட்டினால் தோள் ஓரம் ரம்பப் பல்போலத் தேயும். அதன்பின் சாலையில் ஊளைச் சத்தம்தான். வருஷத்துக்கு ஒன்றிரண்டு டிராக் டேய்க்கு (சொந்தக் காரை டிராக்கில் ஓட்டும் நாள்) மேல் போகாதவர் இதை வாங்கிவிட்டு மேற்கொண்டு படிக்காமல் விடலாம்.

யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி08ஆர்எஸ் வேறு ஜாதி. கட்டைகள் பெரியவை, பள்ளங்கள் குறைவு, சுவர் விறைப்பு. ஸ்டீயரிங்கில் ஒரு விரல் அசைவுக்கும் பதில் வரும். கயாலாமியில் மைன்ஷாஃப்ட் என்ற செங்குத்தான இறக்கத்தில் காரின் எடை முழுக்க முன் டயர்மேல் சாயும்போது சாலை டயரும் இதுவும் எங்கே பிரிகின்றன என்று தெரியும். சாலை டயர் கட்டை மடிந்து வெளியே ஓடப் பார்க்கும், இது அப்படியே தாங்கும். சூட்டைப் பொறுத்துக்கொள்ளும் திறமும் அதிகம். இருபது நிமிடம் ஓட்டினாலும் கடைசிச் சுற்று முதல் சுற்றைப்போலவே இருக்கும். ஈரச் சாலையில் பயமில்லை. தேங்கிய தண்ணீரில்தான் கவனம் வேண்டும், அதுவும் டிரெட் (சாலையைத் தொடும் பள்ளமிட்ட ரப்பர்) பாதி தேய்ந்த பிறகு. புதிதில் அமைதியாக இருக்கும். தேயத் தேயச் சத்தம் கூடும். கூரையைத் திறந்துபோட்டு ஓட்டுகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எங்கள் தேர்வு இதுதான். கையிருப்பில் இல்லை என்றால் கப்பல் வரும்வரை காத்திருக்கலாம், தகும்.

டோயோ ப்ராக்ஸெஸ் ஆர்888ஆர், டிரெட்வேர் 100. சாலையில் ஓட்ட அனுமதி உள்ள செமி-ஸ்லிக், அதாவது பள்ளங்கள் மிகக் குறைந்த ரேஸ் வகை டயர். உலர்ந்த டிராக்கில் சூடான பிறகு நான்கில் இதுதான் வேகம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் சூடு வரும்வரை பிடிப்பு முழுதாக வராது. ஜூலை மாதக் காலையில், ஹைவெல்டில் புல்மேல் வெண்பனி படிந்திருக்கும்போது, முதல் ரவுண்டபவுட்டிலேயே பின்பக்கம் விலகப் பார்க்கும். சூடான ரப்பர் பிசின்போல ஒட்டும். பிட்டிலிருந்து (டிராக் ஓரம் கார்கள் நிற்கும் இடம்) வெளியே வரும்போது வழியில் கிடக்கும் ஜல்லியெல்லாம் ஒட்டிக்கொண்டு வந்து வீல் ஆர்ச்சில் தடதடவென்று அடிக்கும். ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் ரப்பர் கொஞ்சம் இறுகும். ஒரு வருஷம் கழித்து டிரெட் மிச்சமிருக்கும், பிடிப்பு போயிருக்கும். தேங்கிய தண்ணீரில் இது மிதக்கும். டிரெய்லரில் காரை ஏற்றிப் போகிறவருக்கு அருமையான டயர். ஓட்டிப் போகிறவருக்கு, அதுவும் நவம்பர் முதல் மார்ச் வரை, வேண்டாம்.

நாங்காங் என்எஸ்-2ஆர் தைவான் சரக்கு, விலை சாதகம். டெஸி ரேஸ்வே மட்டும் போகிறவருக்கு, அதாவது போர்ட் ஷெப்ஸ்டோன்வரை 120 கிலோமீட்டர் போய்த் திரும்புகிறவருக்கு, இது போதும். ஒன்றே ஒன்று பாருங்கள்: இதே பெயரில் டிரெட்வேர் 120, 180 என்று இரண்டு ரப்பர் வருகிறது. பணம் கட்டுமுன் டயரைப் புரட்டிச் சுவரில் உள்ள எண்ணைப் படியுங்கள். சாலைக்கு 180. நாலும் ஒரே எண்ணாக இருக்கட்டும். இரண்டு அது, இரண்டு இது என்று கலந்து மாட்டினால் வளைவில் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று சண்டை போடும். அப்படியே தயாரித்த தேதியையும் பாருங்கள். சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்: 2324 என்றால் 2024-இன் 23-ஆம் வாரம். தள்ளுபடி பெரிதாக இருந்தால் அந்த எண் பழையதாக இருக்கும்.

இனி காற்று. டர்பன்காரர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டு 2.0 பார் என்கிறது. கடல்மட்டத்தில் குளிர்ந்த டயரில் 2.0 வைத்து, கயாலாமியில் மறுநாள் காலை அதே வெப்பநிலையில் கேஜை வையுங்கள்: 2.15-க்கு மேல் காட்டும். யாரும் காற்றடிக்கவில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, கேஜ் காட்டுவதோ உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தை. டயரின் வடிவத்தைத் தாங்குவதும் அந்த வித்தியாசமே; எனவே கேஜ் சொல்வதுதான் கணக்கு, கூடியதை வெளியே விட வேண்டும். (என்ஜினுக்கு இதே உயரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு பலம் போய்விடும். அதற்கு டயர் கடையில் மருந்து இல்லை.)

இதன்மேல் சூடு. பத்து டிகிரி சூடேறினால் 0.1 பார் கூடும். தைப்பூசத்தன்று வெறுங்காலில் தார்ச்சாலையில் காவடி தூக்கியவருக்குப் பிப்ரவரித் தார் எப்படிக் கொதிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதன்மேல் டயர் தேய்ந்து ஓடினால் உள்ளே காற்று நாற்பது டிகிரி கூடுவது சாதாரணம். நியோவாவுக்குக் காலையில் குளிர்ந்த நிலையில் 1.8-இல் தொடங்குங்கள். முதல் செஷனை ஏழெட்டு நிமிடத்தில் முடித்து, பிட்டுக்கு வந்ததும் ஒரு நிமிடத்துக்குள் நாலு டயரையும் அளந்து 2.1 முதல் 2.2-க்குள் இறக்குங்கள். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள்; சூடான பிரேக் பேட் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்கு மரக்கட்டை முட்டுக் கொடுங்கள்.

எண் சரியா என்று டயரையே கேட்கலாம். வெள்ளை ஷூ பாலிஷால் டிரெட்டின் ஓரத்திலிருந்து பக்கச் சுவர்வரை, டயருக்கு மூன்று இடத்தில், விரலகலக் கோடு போடுங்கள். தோளில் சின்ன முக்கோணக் குறி ஒன்று இருக்கும். ஓட்டி வந்ததும் பாலிஷ் அந்தக் குறிவரை அழிந்திருந்தால் சரி. குறியைத் தாண்டிச் சுவரிலும் அழிந்திருந்தால் டயர் கவிழ்கிறது: 0.1 பார் கூட்டுங்கள். குறிக்கு எட்டாமல் நின்றால் காற்று அதிகம்.

காற்றைக் கூட்டியும் முன்டயரின் வெளித்தோளே தேய்ந்தால் குற்றம் கேம்பரில், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணத்தில். தொழிற்சாலை அமைப்பு சாலைக்கானது. என்டியின் சஸ்பென்ஷன் கீழ்க்கைகளில் உள்ள மையம் விலகிய (எக்சென்ட்ரிக்) போல்ட்டைத் திருப்பினாலே முன்பக்கம் மைனஸ் ஒன்றரை டிகிரியை ஒட்டி வரும். எந்தப் பாகமும் வாங்க வேண்டாம். பின்பக்கமும் அதே அளவு. டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பியிருக்கும் கோணம்) முன்சக்கரங்களில் பூஜ்யம், பின்சக்கரங்களில் சற்று உள்நோக்கி. நல்ல டயரைத் தவறான கேம்பரில் ஓட்டுவதைவிடச் சுமாரான டயரைச் சரியான கேம்பரில் ஓட்டுவது மேல். அலைன்மென்ட் செய்யும்போது ஓட்டுநர் எடைக்கு ஈடாக இருக்கையில் மணல் மூட்டை வைக்கச் சொல்லுங்கள். வைக்க மாட்டேன் என்பவரிடம் காரை விடாதீர்கள்.

சக்கரம் மாட்டும்போது நட்டை ஏர்கன்னால் இறுக்க விடாதீர்கள். 21 மில்லிமீட்டர் சாக்கெட், டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்); 108 முதல் 147 நியூட்டன் மீட்டர் என்பது மாஸ்டா சொல்வது, 120 வைத்தால் போதும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, டிராக்கில் ஒவ்வொரு செஷனுக்குப் பின் ஆறியதும் ஒருமுறை சரிபாருங்கள். புது டயரை முதல் 200 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழுவழுப்பு போக வேண்டும். குழியில் இடித்தால் அன்றே பக்கச் சுவரின் உட்புறத்தையும் கையால் தடவிப் பாருங்கள். பட்டாணி அளவு வீக்கம் தட்டுப்பட்டாலும் உள்நூல் அறுந்துவிட்டது என்று பொருள். ஒட்டுப் போட முடியாது. டிரெட் ஆழத்துக்குச் சட்டம் கேட்பது 1 மில்லிமீட்டர், அல்லது பள்ளத்தில் உள்ள தேய்மானக் கட்டையைத் தொடாதவரை. என்3 மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள்.

திரும்பும் முன், டயர் நன்றாக ஆறிய பிறகு, பூட்டிலுள்ள கம்ப்ரெஸரால் 2.2 வரை நிரப்புங்கள். மேலே கொஞ்சம் விறைப்பாகத் தெரியும். வான் ரீனன் மலைப்பாதை இறங்கி, மறுநாள் காலை டர்பனில் அளந்தால் 2.0-ஐ ஒட்டி நிற்கும்.