வன்னிக் கிரவல் றோட்டுக்கு எந்த ஃபோர்க்?

ஏ9 வீதியில் மட்டும் ஓடுகிறவர்களுக்கு சஸ்பென்ஷன் பற்றிய யோசனையே வேண்டாம், காப்பெற் றோட்டுக்கு நல்ல ரயர் போதும். அதை விட்டு இறங்கி இரணைமடுக் குளக்கட்டு, முத்தையன்கட்டு, ஒட்டுசுட்டான் உள்வீதிகள் என்று மவுண்டன் பைக்கில் போகிறவர்களுக்குத்தான் இந்த அலசல். ஃபோர்க் என்றால் முன்சில்லைப் பிடித்திருக்கும் கவை. வழி மூன்று இருக்கிறது. சைக்கிளோடு வந்த ஸ்பிரிங் ஃபோர்க்கையே வைத்திருக்கலாம், ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்த காற்று ஃபோர்க்குக்கு மாறலாம், இல்லாவிட்டால் தாழாமல் நிற்கும் அசையாத ஃபோர்க்கும் அகல ரயரும் போடலாம்.

வன்னியில் மலை இல்லை. இங்கே சைக்கிளை உலுப்பி எடுப்பது டிப்பரும் ட்ராக்டரும் ஓடி ஓடிக் கிரவலில் எழும்பும் வரிமேடுகள்தான். ஆகவே ஃபோர்க் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை விட, இறங்கியது எந்த வேகத்தில் திரும்புகிறது என்பதுதான் முக்கியம். 100 மி.மீ. ஆழம் நமக்குத் தாராளம்.

மலிவு ஸ்பிரிங் ஃபோர்க்கில் குறை இந்த இடத்தில்தான். மேலே உள்ள குமிழை இறுக்கினால் ஃபோர்க் அசையத் தொடங்கும் அழுத்தம் மட்டும் கூடும், ஸ்பிரிங்கின் கடினம் மாறாது. 50 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஒரே ஸ்பிரிங். திரும்பும் வேகத்தை அடக்கப் பெரும்பாலானவற்றில் எதுவுமே இல்லை. வரிமேட்டில் வேகமாகப் போனால் முன்சில்லு துள்ளிக்கொண்டே இருக்கும். துள்ளும் சில்லுக்கு நிலத்தில் பிடி இல்லை, வளைவில் பிரேக் பிடித்தால் வழுக்கும். கனமும் அதிகம், பல 2 கிலோவைத் தாண்டும். ஆனால் காற்று இறங்கும் பயம் இல்லை, கவனிக்காமல் விட்டாலும் பல காலம் ஓடும். அந்தப் பெருமையை அதற்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

காற்று ஃபோர்க் ஆளுக்கேற்ப மாறும். சாதாரண சைக்கிள் பம்ப் இதற்குச் சரிவராது, ஃபோர்க்குக்கென்று உள்ள சின்னப் பம்ப் வேண்டும். வழக்கமாகப் போடும் உடுப்போடும் தண்ணீர்ப் போத்தலோடும் ஏறி நின்று, ஃபோர்க் தானாகத் தாழும் அளவைப் பாருங்கள். 100 மி.மீ. ஃபோர்க்கில் 20 மி.மீ. தாழ்ந்தால் நல்ல தொடக்கம். கூடத் தாழ்ந்தால் காற்றைக் கூட்டுங்கள், குறைந்தால் இறக்குங்கள். பம்ப்பை மறுபடி மாட்டினால் மீட்டர் குறைத்துத்தான் காட்டும். அது பம்ப் குழாய்க்குள் போன காற்று, ஃபோர்க் கசிகிறது என்று பயப்படத் தேவையில்லை. விடியக்காலைக் குளிரில் 80 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்தது நடுவெயிலில் ஐந்தாறு கூடியிருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அப்புறம்தான் ரீபவுண்ட் திருகி, அதாவது ஃபோர்க் திரும்பும் வேகத்தை மாற்றும் திருகி. ஹாண்டிலை அமுக்கிச் சட்டென்று விடுங்கள். சில்லு நிலத்தை விட்டு எழும்பினால் வேகம் அதிகம். ஊர்ந்து மேலே வந்தால் அதுவும் பிழைதான். வரிமேட்டில் ஒரு மேட்டுக்குத் தாழ்ந்த ஃபோர்க் நிமிர முன்னமே அடுத்த மேடு வந்துவிடும், தாழ்ந்து தாழ்ந்து கடைசியில் கட்டை மாதிரி இறுகிவிடும். பலர் காற்று கூடிப்போச்சு என்று நினைத்து இறக்கிவிடுகிறார்கள். அதனால் இன்னும் மோசமாகும். நம் கிரவலுக்கு நடு அளவிலிருந்து ஒன்றிரண்டு கிளிக் வேகப் பக்கம் வைப்பது நல்லது. ஒரே துண்டு றோட்டில் ஒவ்வொரு கிளிக்காக மாற்றி ஓடிப் பார்த்தால் கையே வித்தியாசத்தைச் சொல்லும்.

இதற்கு விலையாகக் கவனம் கொடுக்க வேண்டும். கோடையில் செம்புழுதி ஃபோர்க் குழாயில் வளையமாக ஒட்டியிருக்கும். ஓடி வந்த உடனே மெல்லிய துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய் தடவக் கூடாது, ஒயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்களைத் தின்னும். சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஃபோர்க்கின் கீழ்ப்பாதிக் குழாய்களைக் கழற்றி ஒயில் மாற்ற வேண்டும், மாரிச் சேற்றில் ஓடினால் அதற்கு முன்னமே.

இதெல்லாம் ஆகாது என்றால் அசையாத ஃபோர்க் நல்ல தெரிவு. பழுதாக அதில் ஒன்றும் இல்லை, கனமும் குறைவு. ஆனால் நீண்ட வரிமேட்டில் மணிக்கட்டு நோகும். 2.25 அங்குல ரயருக்கு 70 கிலோ ஆள் 30 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி இரண்டிரண்டாக இறக்கிப் பார்க்கலாம், றிம் அடிபட்டால் கொஞ்சம் ஏற்றுங்கள். விடத்தல் முள்ளுக்கு ரியூப்பில் அடைப்புத் திரவம் ஊற்றுங்கள்.

என் தெரிவு சொல்வதானால், எந்த ஃபோர்க்காக இருந்தாலும் முதல் காசு ரயருக்கு. ஃபோர்க்கைக் கழற்றிப் பராமரிக்க மனமும் கையும் உள்ளவர் காற்று ஃபோர்க் எடுக்கட்டும், இல்லாதவர் அசையாததை எடுக்கட்டும். தேய்ந்த ஸ்பிரிங் ஃபோர்க்குக்குப் பதிலாக இன்னொரு மலிவு ஸ்பிரிங் ஃபோர்க் வாங்குவது காசை வீணாக்குவது. பின்னாலும் ஸ்பிரிங் வைத்த மலிவு சைக்கிளைத் தொடவே வேண்டாம். மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை அது ஆட்டத்தில் தின்றுவிடும்.

கொழும்பிலிருந்து எடுப்பிக்க முன் மூன்றை அளந்துகொள்ளுங்கள். ஸ்டீரர் குழாய் (ஃபோர்க்கிலிருந்து மேலே ஹாண்டிலுக்குப் போகும் குழாய்) நேரானதா கீழே அகன்றதா, அச்சு 9 மி.மீ.யா 15 மி.மீ.யா, பழைய ஃபோர்க்கின் உயரம் எவ்வளவு. 20 மி.மீ. உயரம் கூடினால் ஸ்டீரர் குழாய் சாய்ந்திருக்கும் முன்கோணம் ஏறத்தாழ ஒரு பாகை சரிந்து ஹாண்டில் மந்தமாகும். அசையாத ஃபோர்க் எடுப்பவரும் பழைய ஃபோர்க் தாழ்ந்து நிற்கும் உயரத்துக்குக் கிட்ட உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும்.