காம்போனென்ட்டும் எச்டிஎம்ஐயும்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் 1998இல் எச்டி தொலைக்காட்சிகள் விற்பனைக்கு வந்தபோது, அவற்றுக்கு உயர்தெளிவுப் படத்தைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு பெரும்பாலும், படத்தை மூன்று முனைகளில் பிரித்து அனுப்பும் அனலாக் இணைப்பான காம்போனென்ட் கேபிளிடமே இருந்தது. டிஜிட்டல் இணைப்பான எச்டிஎம்ஐயின் முதல் பதிப்பு 2002 டிசம்பரில்தான் வெளியானது. அதன்பின் பல ஆண்டுகள் இரண்டு இணைப்புகளும் ஒரே தொலைக்காட்சியின் பின்புறத்தில் அருகருகே இருந்தன. காம்போனென்ட் தோற்றதற்குப் படத்தின் தரம் முதன்மைக் காரணம் அன்று என்பதே என் கருத்து.

இவற்றுக்கு முந்தைய இரண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் முனை கொண்ட காம்போசிட் ஒளிர்வையும் நிறத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்புவதால், எழுத்துகளின் ஓரங்களில் புள்ளிகள் ஊர்வதும் நெருக்கமான கோடுகள் போட்ட சட்டையில் இல்லாத நிறங்கள் தோன்றுவதும் உண்டு. எஸ்-வீடியோ இரண்டையும் பிரித்து அனுப்பி அக்குறையைத் தீர்த்தது. ஆயினும் இரண்டுமே பழைய 480 அல்லது 576 கோட்டுப் படத்துக்கானவை.

காம்போனென்ட்டின் பச்சை, நீலம், சிவப்பு முனைகளைப் பார்த்து, அவை அந்தந்த நிறத்தையே கொண்டுவருகின்றன என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பச்சை முனையில் வருவது ஒளிர்வு. மற்ற இரண்டும் நிற வேறுபாட்டை மட்டும் சுமக்கின்றன. 720பி, 1080ஐ (எண் கோடுகளின் எண்ணிக்கை; பி எல்லாக் கோடுகளையும் ஒன்றாக வரைவது, ஐ ஒன்றுவிட்டு ஒன்றாக வரைவது) ஆகிய இரண்டு எச்டி வடிவங்களும் இதில் குறைவின்றி வரும். எச்டிஎம்ஐயோ சுருக்கப்படாத டிஜிட்டல் படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் தருகிறது. எல்சிடி, பிளாஸ்மா திரைகளில், டிஜிட்டலை அனலாக் ஆக்கி மீண்டும் டிஜிட்டல் ஆக்கும் வீண் வேலை இதனால் இல்லாமற்போகிறது. படக்குழாய் வைத்த தொலைக்காட்சியில் இறுதியில் அனலாக்காகவே படம் வரையப்படுவதால், அந்த ஆதாயம் அங்கே மிகச் சிறியது.

உண்மையான வேறுபாடு எச்டிசிபி என்னும் நகல் தடுப்பு முறையில் இருக்கிறது. பிளேயரும் தொலைக்காட்சியும் எச்டிஎம்ஐ வழியே ஒன்றையொன்று சரிபார்த்த பிறகே பாதுகாக்கப்பட்ட படம் திரைக்கு வரும். காம்போனென்ட்டில் இத்தகைய பூட்டு கிடையாது. ஆகவே, டிவிடியை 1080 கோடுகளுக்கு உயர்த்திக் காட்டும் பிளேயர்கள் அந்த வசதியைப் பெரும்பாலும் எச்டிஎம்ஐக்கு மட்டுமே அளித்து, காம்போனென்ட்டை 480பியில் நிறுத்தின. புளூ-ரேயின் உரிம விதிகள் மேலும் கடுமையானவை: 2010க்குப் பின் வந்த புதிய பிளேயர்களில், பாதுகாக்கப்பட்ட வட்டுகளின் அனலாக் வெளியீடு எஸ்டி எனப்படும் பழைய 480 அல்லது 576 கோட்டுத் தரத்துக்குக் குறைக்கப்பட்டது. பெருந்தொகை கொடுத்து முதன்முதலில் எச்டி தொலைக்காட்சி வாங்கியவர்களிடம் இருந்தது பெரும்பாலும் காம்போனென்ட் மட்டுமே. நன்றாக இயங்கும் கருவியை விதி ஒன்றால் முடக்கியது அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே நான் கருதுகிறேன்.

கேபிளின் நீளத்திலும் இரண்டும் வேறுபடுகின்றன. தொலைவு கூடும்போது காம்போனென்ட் படம் சிறிது சிறிதாக மங்கும். எச்டிஎம்ஐயில் படம் முழுமையாக வரும், அல்லது திரையில் பொறிகள் சிதறி அடியோடு மறையும். இதனாலேயே, குறுகிய தொலைவுக்கு விலையுயர்ந்த எச்டிஎம்ஐ கேபிள் வாங்குவது வீண்செலவு.

புதிய தட்டைத் திரையும் புளூ-ரே பிளேயரும் உள்ளவர்கள் எச்டிஎம்ஐயையே பயன்படுத்த வேண்டும். படக்குழாய்த் தொலைக்காட்சியும் பழைய டிவிடி பிளேயரும் வைத்திருப்பவர்கள் காம்போனென்ட்டைக் கைவிடத் தேவையில்லை. சில தொலைக்காட்சிகளில் மஞ்சள் முனைக்கும் பச்சை முனைக்கும் ஒரே துளைதான் இருக்கும்; அங்கே படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால், கருவியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் முன், மெனுவில் எந்த இணைப்பு தேர்வாகியுள்ளது என்று பார்க்க வேண்டும்.