பழைய ஸ்பீக்கரை எங்கே விற்பது: வரி விளம்பரமா, ஏலத் தளமா, கடையா?

பயன்படுத்திய ஆடியோ கருவியை விற்க மூன்று வழிகள் உண்டு: அக்கம்பக்கத்தார் பார்க்கும் இணைய வரி விளம்பரம், பார்சலில் அனுப்பும் ஏலத் தளம், பழையதை எடுத்துக்கொள்ளும் கடை. எதில் அதிக விலை கிடைக்கும் என்றுதான் பலரும் முதலில் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது கருவியின் எடையை.

இடுப்புயர ஸ்பீக்கர் ஜோடி, 20 கிலோ ஆம்ப்ளிஃபயர் போன்றவற்றுக்கு வரி விளம்பரமே சரி என்பது என் உறுதியான கருத்து. ஆம்ப்ளிஃபயரின் எடையில் பெரும்பகுதி டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது. பெட்டி ஒருமுறை கீழே விழுந்தால் அந்தக் கனமே உள்ளிருக்கும் சர்க்யூட் பலகையை விரிசல்விட வைக்கும். ஸ்பீக்கரில் காந்தம் இடம் நகர்ந்து, ஒலியெழுப்பும் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் உரசத் தொடங்கிவிடும். கூரியர் காப்பீடு இருந்தாலும், 'பொதிந்தது போதவில்லை' என்று சொல்லி இழப்பீட்டை மறுக்க இடமுண்டு.

வரி விளம்பரத்தின் பெரிய பலம், வாங்குபவர் நேரில் வந்து காதால் கேட்க முடிவது. அவர் வருவதற்கு முன்பே கருவியை இணைத்து ஓடவிட்டு வையுங்கள். அவருக்குப் பழக்கமான பாட்டையே போடச் சொல்லுங்கள். படங்களில் கஞ்சத்தனம் வேண்டாம்: முன்வலையைக் கழற்றிவிட்டு எடுத்த கூம்புகள், பின்பக்க இணைப்புகள், மாடல் பெயரும் மின்னழுத்தமும் பொறித்த தகடு ஆகியவை இருக்க வேண்டும். கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பத்திருபது ஆண்டுகளில் அது பொடியாக உதிரும். உதிர்ந்திருந்தால் அதையும் படமெடுத்துப் போடுங்கள். ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா, அதையும் எழுதுங்கள். குறையை முதலிலேயே படித்துவிட்டு வருபவர் வாசலில் நின்று அதைச் சொல்லி விலையைக் குறைக்க மாட்டார்.

தொல்லைகளும் உண்டு. வருகிறேன் என்று சொல்லி வராதவர்கள், பார்க்காமலேயே பாதி விலைக்குக் கேட்பவர்கள் இதில் அதிகம். 'தவறுதலாகக் கூடுதல் பணம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்' என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அது பழைய மோசடி. உங்கள் கணக்கில் பணம் உண்மையாகவே சேர்ந்த பிறகுதான் கருவி வாசலைத் தாண்ட வேண்டும்.

1995 முதல் இயங்கும் ஈபே போன்ற ஏலத் தளங்களின் பலம், தூரத்தில் இருக்கும் ஆர்வலர்களைச் சென்றடைவது. அரிய கார்ட்ரிட்ஜ் (இசைத்தட்டு ஊசியைத் தாங்கும் சிறு பாகம்), ஹெட்ஃபோன், ஆம்ப்ளிஃபயருக்கான பழைய கண்ணாடி வால்வுகள் போன்ற சிறிய பொருள்களுக்கு உண்மையான விலை அங்கேதான் கிடைக்கும். ஆனால் தளத்தின் கட்டணம் அனுப்பும் செலவையும் சேர்த்தே கணக்கிடப்படலாம். விவரித்தபடி இல்லை என்று வாங்குபவர் சொன்னால் திரும்பி வரும் செலவும் பெரும்பாலும் விற்பவர் தலையில்தான். வரி விளம்பரத்தில் விற்பவர்களுக்கும் இந்தத் தளங்களால் ஒரு பயன் இருக்கிறது: கேட்கப்படும் விலைகளை ஒதுக்கிவிட்டு, விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் சந்தை நிலவரம் தெரிந்துவிடும்.

இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிள் இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவில் நிற்கிறது. அனுப்புவதானால் சுழலும் தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும். ஊசியைத் தாங்கும் கையின் பின்னால் உள்ள எதிர் எடையைக் கழற்ற வேண்டும், கையைக் கட்ட வேண்டும், ஊசிக்கு உறை போட வேண்டும். பிறகு பெட்டிக்குள் பெட்டியாக, இடையில் மெத்தென்ற பொதிவு. வால்வு ஆம்ப்ளிஃபயரிலும் வால்வுகளைக் கழற்றித் தனித்தனியாகச் சுற்றுவதே முறை. இவ்வளவுக்கும் பொறுமை இல்லையென்றால் டர்ன்டேபிளையும் நேரிலேயே விற்றுவிடுங்கள்.

கடையில் தொகை குறைவு. சோதித்து, பழுது நீக்கி, லாபம் வைத்து மறுபடியும் அவர்கள் விற்க வேண்டுமே. வீடு மாறும் அவசரத்திலோ, புதிய கருவி வாங்கும்போது கழித்துக்கொள்ளவோ மட்டும் நான் அங்கே போவேன். ஓடாத கருவிக்குக் கடையில் மதிப்பே இருக்காது. அதையே 'பழுது, உதிரிப் பாகங்களுக்கு' என்று தலைப்பிலேயே எழுதி விளம்பரம் செய்தால், அந்த மாடலின் பாகங்களைத் தேடிக்கொண்டிருக்கும் மெக்கானிக் ஒருவர் ஆசையோடு வந்து வாங்கிப் போவார்.