மொத்தமாகவா, மூன்றில் ஒரு பங்காகவா?

இங்கிலாந்தின் கென்ட் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) கவுன்சிலில், அதாவது உள்ளாட்சி மன்றத்தில், நான்காண்டுக்கு ஒருமுறை எல்லா இடங்களுக்கும் சேர்த்தே தேர்தல். 1997 முதல் கன்சர்வேட்டிவ் கட்சி கையில் இருந்த கவுன்சில் அது. 2021-இல் அவர்களுக்கு 81 இடங்களில் அறுபதுக்கும் மேல். 2025 மே 1 அன்று வெறும் 5. ரிஃபார்ம் யூகே கட்சி 57 இடங்களோடு உள்ளே வந்தது. ஒரே நாளில் எல்லாம் தலைகீழ்!

மான்செஸ்டர் மாநகரில் வேறு கணக்கு. 32 வார்டு, வார்டுக்கு மூவர், ஒரு தேர்தலில் ஒருவர் மட்டுமே. நான்கில் மூன்று ஆண்டு ஓட்டு, ஓர் ஆண்டு ஓய்வு. பழைய உறுப்பினர்கள் கூடவே இருப்பதால் அனுபவம் அறுந்துபோகாது. ஆனால் செலவு அதிகம், வாக்காளர் கோபமும் தவணை முறையில்தான் இறங்கும்.

எனக்குக் கென்ட் முறையே சரியெனப் படுகிறது. முதியோர் பராமரிப்பு, சாலை எல்லாம் கவுண்டி பொறுப்பு. யாரைக் கேட்பது என்பதில் குழப்பம் இருக்கக்கூடாது.