கையடக்க பிரெத் அனலைசர்: மூன்று மாதம் ஊதிப் பார்த்ததில்

போலீஸ் ஊதச் சொல்வதற்கு முன்னால் நாமே ஊதிப் பார்த்துக்கொள்ளலாமே என்றுதான் மூச்சில் இருக்கும் ஆல்கஹாலை அளக்கும் இந்தக் கருவியை வாங்கினேன், பெயர் வேண்டாம், மலிவு ரகம். முதல் நாள் ஒரு சொட்டுகூடக் குடிக்காமல், மவுத்வாஷ் கொப்பளித்த கையோடு ஊதினேன். நிற்கவே முடியாத போதையில் இருப்பதாகக் காட்டியது! சரி, அது கருவியின் குற்றமில்லை, வாயில் தங்கிய ஆல்கஹால் அடங்க 15 நிமிடமாவது விட வேண்டும், கையேட்டில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் அப்புறம் ஒரு நாள் இரண்டு பீர் முடித்து, அரை மணி நேரம் கழித்து, அடுத்தடுத்து மூன்று முறை ஊதினால் மூன்று எண், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. உள்ளே இருப்பது செமிகண்டக்டர் சென்சார், விலை குறைவு, துல்லியமும் குறைவு. போலீஸ் கையில் இருப்பது பெரும்பாலும் ஃபியூயல் செல் வகை, வேதிவினை மூலம் ஆல்கஹாலை இன்னும் துல்லியமாக அளப்பது, அதையும் அவ்வப்போது அளவு சரிபார்ப்பார்கள். அதனால் ‘என் மெஷினில் கம்மியாகத்தானே காட்டியது’ என்று ரோட்டில் வாதாடிப் பயனில்லை. சந்தேகப்பட்டு நிறுத்தினால் ஊதச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் உண்டு, தகுந்த காரணமில்லாமல் மறுத்தால் பல நாடுகளில் அதுவே தனிக் குற்றம்.

உருப்படியாக உதவியது ஒரே ஒரு காலையில்தான். நள்ளிரவு வரை குடித்துவிட்டு, தூங்கி எழுந்து, குளித்து, காபியும் குடித்து, தெளிவாகத்தான் இருக்கிறோம் என்று ஏழு மணிக்கு ஊதினால் எண் இன்னும் பூஜ்யத்துக்கு வரவில்லை. கல்லீரல் அதன் வேகத்தில்தான் வேலை செய்யும், காபிக்கெல்லாம் அவசரப்படாது. சாவியை மேசையிலேயே போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அதற்காக இரண்டு நட்சத்திரம். ஊதுகுழாய் மூன்றே மூன்று வைத்திருக்கிறார்கள், அதில் ஒன்று விரிசல்.